சிடுமூஞ்சி அண்ணியின் வரவேற்பறை

டிவி தொடர் ஒன்றில் ஒன்பது வருஷம் நாத்தனாரைக் கரித்துக்கொட்டியதால் ஊருக்கே அவள் ‘சிடுமூஞ்சி அண்ணி’ ஆகிவிட்டாள். காய்கறிக் கடையில் நின்றால்கூட, “அண்ணி, ஒரு திட்டு திட்டுங்க” என்று யாராவது போனை நீட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பாள்.

நாத்தனாராக நடித்த பெண் ஒருநாள் மேக்கப் அறையில் விசும்பி விசும்பி அழுதாள். கேமராவுக்கு முன்னால் மூச்சுவிடாமல் திட்டுகிற அண்ணி, அன்று “எல்லாம் சரியாயிடும்” என்று மட்டும் சொல்லி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மறுவாரம் அந்தப் பெண் படப்பிடிப்புக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கதையில் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

‘அவ்வளவுதானா என்னால முடிஞ்சது?’ என்ற எண்ணம் இவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. தொடர் முடிந்ததும் உளவியல் படிக்கச் சேர்ந்தாள்.

“இந்த வயசுல பரீட்சையா? பொண்ணு காலேஜ் போற நேரத்துல நீ போறியா?” என்றார் கணவர்.

“ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போறோம். உங்களுக்கு என்ன கஷ்டம்?”

படித்து முடித்து ஒரு மருத்துவமனையில் ஆலோசகராகச் சேர்ந்தாள். அங்கேயும் அண்ணிப் பட்டம் அவளை விடவில்லை. தூக்கம் வராமல் தவிக்கும் ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் கதவைத் திறந்து, “டாக்டரோட மச்சினி வந்திருக்காங்க. ஒரே ஒரு போட்டோ மேடம்” என்பாள். மூன்றாவது தடவை அப்படி நடந்தபோது, இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கையில் இருந்ததைப் போட்டு, பணம் கட்ட முடியாத பெண்களுக்காக இலவச ஆலோசனை மையம் தொடங்கினாள். பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் தன் கட்டடத்தில் ஓர் அறையைச் சும்மா கொடுத்தார். திறந்த அன்றே நாலு பேர் வந்து காத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டிய கையோடு மைக்கை நீட்டினார் முதலாளி.

“அண்ணி ஸ்டைல்ல ஒரு வசனம்மா. நம்ம ஆளுங்க ஆசைப்படறாங்க.”

“வேண்டாங்க. உள்ள ஒரு பொண்ணு அழுதுட்டிருக்கா. நான் போகணும்.”

“ஒரு வரிதானே? ரொம்பத்தான் அலட்டிக்கறீங்க!”

“அவ அழறது உங்களுக்குக் கேக்கலையா?” என்று மைக்கிலேயே கேட்டுவிட்டாள். முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. ஒரு வாரத்தில் அந்த அறை சரக்கு வைக்கத் தேவைப்பட்டது. வேறு இடம் தேடி அலைந்தாள். போன இடமெல்லாம் காபி கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அறை மட்டும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

கடைசியில் மையம் வீட்டு வரவேற்பறைக்கே வந்தது. சோபா நடைவழிக்குப் போயிற்று. டிவி படுக்கையறைக்குப் போயிற்று. காலை பத்து மணி ஆனால் கணவர் செய்தித்தாளோடு மாடிப்படிக்குப் போனார்.

“நம்ம வீட்டுக்குள்ள வர நான் அனுமதி வாங்கணுமா? கால் மரத்துப்போச்சு” என்று கதவிடுக்கில் முணுமுணுத்தார்.

“கொஞ்சம் பொறுங்களேன். இப்பத்தான் வாயைத் திறக்கறா.”

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெண் புடவைத் தலைப்பை முறுக்கியபடி மறுபடியும் மௌனமாகியிருந்தாள். கணவர்மேல் வந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக் காத்திருந்தாள்.