பால் கலக்காத பவுடர்

செல்லியம்மாளுக்குப் பால் ஆகாது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் வயிறு உப்பிக்கொண்டு நாளெல்லாம் உருட்டி எடுக்கும். மாடு வளர்த்தாள், பால் கறந்தாள், சொசைட்டிக்கு ஊற்றினாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்ததில்லை. கல்யாண வீடோ கரும்பு வெட்டும் காடோ, அவளுக்கு எங்கேயும் வரக்காப்பிதான்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஆள் துவண்டுபோனாள். கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, "உடம்புல சத்தே இல்ல. பயறு, முட்டை சேத்துக்கோ. கொஞ்ச நாளைக்குப் புரோட்டீன் பவுடரும் குடி. உன் சாப்பாட்டுக்கு ஒத்துக்கறதா பாத்து வாங்கு" என்றார்.

புருஷன் மாயவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனாள். அலமாரி நிறைய டப்பாக்கள். எதைப் பார்த்தாலும் புஜத்தை முறுக்கிக்கொண்டு ஓர் ஆம்பளை நின்றான்.

"இதக் குடிச்சா எனக்கும் மீச மொளச்சிடப் போவுதுய்யா" என்று சிரித்துவிட்டு, கடைக்காரரிடம் சொன்னாள்: "பால் கலக்காத பவுடரா குடுங்க."

"அதுக்கு இன்னாங்க, தண்ணியிலயே கலந்து குடிக்கலாம்" என்று அவர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். டப்பா முழுக்க இங்கிலீஷ். நம்பி வாங்கினாள்.

குடிக்க ஆரம்பித்ததிலிருந்து வயிறு ஊதியது, வலித்தது. சத்து மருந்தின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? எதிர்வீட்டு ராஜாம்பாளுக்கோ வாய் சும்மா இருக்காது. "உள்ள தையலு பிரிஞ்சிருந்தா இப்டித்தான் ஊதும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். செல்லியம்மாளுக்கு அதுவே நினைப்பாகிவிட்டது. மறுபடி கத்தியா? இன்னொரு தடவை தாங்குமா இந்த உடம்பு? ஆஸ்பத்திரியில் படுக்கப்போவதாகவே முடிவுகட்டி, நைட்டி, தட்டு, டம்ளர் எல்லாம் பையில் அடைத்து மாயவனிடம் கொடுத்துக்கொண்டு கிளம்பினாள். பவுடர் டப்பாவையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். பிறகு, "இன்னா சாப்புடற?" என்றார். கையிலிருந்த டப்பாவை நீட்டினாள். பின்பக்கத்தைப் படித்தவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது பால்லேருந்து எடுத்த பவுடரு. பால் திரிஞ்சா தனியா தண்ணி நிக்குமே, அதுலேருந்து எடுக்கறது. உனக்குத்தான் பால் ஆகாதே?"

"பால் கலக்காததுன்னு கேட்டுத்தாங்க வாங்கனேன்!"

"பால்ல கலக்கத் தேவையில்லாததுன்னு அவரு எடுத்துக்கினாரு போல."

செல்லியம்மாள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அப்ப தையலு?"

"அது நல்லா ஆறிப்போச்சி. இந்தப் பவுடர வுடு, வயிறு தானா சரியாவும். பட்டாணியில செஞ்சது இருக்குது, சக்கர சேக்காததா வாங்கிக்கோ."

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

வாசலில் பையோடு நின்ற மாயவன், அவள் சிவந்த கண்ணைப் பார்த்துப் பதறிப்போனான். "எந்த வார்டுடீ?"

"வூட்டு வார்டுதான். தையலுக்கு ஒண்ணும் ஆவல. எல்லாம் அந்தப் பவுடரு பண்ண வேல. வாய்யா, மொதல்ல தொண்டய நனச்சிக்கலாம்."

எதிர் டீக்கடையில் மாயவன், "ஒரு டீ, ஒரு காப்பி. காப்பி பால் கலக்காம..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு" என்று அவனை அடக்கினாள் செல்லியம்மாள். ஆஸ்பத்திரிக்கென்று கொண்டுவந்த டம்ளரைப் பையிலிருந்து எடுத்து மாஸ்டரிடம் நீட்டினாள்.

"இதுல ஊத்துங்க. பாலே இல்லாம."