மூன்று கட்டைக்கு நான்கு

அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறு கட்டைச் சுருதியில் கணீரென்று பாடிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு பாட்டுக்கென்று வாயே திறக்கவில்லை. மகளின் வளைகாப்பு நெருங்கியபோது திருநள்ளாற்றிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"வளையல் போடுறப்ப நான்தான் பாடணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. கீழ எறக்கி மூணு கட்டையில பாடிப் பாத்தேன், ஏதோ வருது. நான் எப்பவும் பாடுற வளைகாப்புப் பாட்ட உன் கம்ப்யூட்டர வாசிக்க வெச்சு அனுப்பு, கூடவே பாடிக்கிறேன். ஆர்மோனியக்காரரு யாரும் வேணாம். மூணு கட்டைன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

கடைசி வார்த்தைகளில் அவள் குரல் உள்ளே போய்விட்டது. "ஆகட்டும்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

நெரவியில் வீட்டில் உட்கார்ந்தபடி நான் செய்கிற வேலையே அதுதான். அச்சிட்ட மேற்கத்திய இசைப் புத்தகங்களைக் கணினிக்குப் புரிகிற மாதிரி அடித்து அனுப்ப வேண்டும். சுருதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஓர் எண்ணைப் போட்டால் பாட்டு முழுவதும் அந்தச் சுருதிக்கு வந்துவிடும். அக்காவின் பாட்டை ச ரி க ம என்று அடித்தேன், கட்டத்தில் மூன்று போட்டேன், ஒரு தடவை கேட்டேன். நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டு, பெரிய காரியம் செய்தவள் போல டீ போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"பழைய சுருதியிலயே வெச்சிருக்க. ரெண்டாவது வரியிலயே தொண்ட கட்டிக்கிச்சு. இப்ப இருக்குற குரல் உனக்கும் புடிக்கல, அப்படித்தானே? நான் பாடல, விடு."

எனக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். "மூணுதான் போட்டிருக்கேன். உனக்குக் காதும் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

வீம்போடு கணினியைத் திறந்தேன். திரையில் இசைக்குறிப்பு வரியின் தொடக்கத்தில், சுரத்தை அரைப்படி ஏற்றுகிற ஷார்ப் குறிகள் மூன்று நின்றன. வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. அந்தக் கட்டத்தில் போடுவது கட்டைக் கணக்கு இல்லை, வரியின் தொடக்கத்தில் எத்தனை ஷார்ப் நிற்கிறது என்ற எண்ணிக்கை. சுரத்தை இறக்குகிற ஃபிளாட்டாக இருந்தால் மைனஸ். மூன்று ஷார்ப் நம் ஊர்க் கணக்கில் ஆறு கட்டை. மூன்று கட்டை வேண்டுமென்றால் நான்கு போட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து அடிக்கும்போது ஒரு நாளும் நான் தவறியதில்லை. அக்கா சொன்னதும் கை தானாக நம் வீட்டு மூன்றைப் போட்டிருக்கிறது. மடச்சி, மடச்சி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நான்கு போட்டுத் திருத்திய பாட்டோடு கிளம்பினேன். அன்று சனிக்கிழமை. காரைக்காலில் மாறி ஏறிய பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கதவைத் திறந்த அக்கா, "வா" என்றாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்கலயா?" என்றாள்.

"கேட்டேன்."

"ஆறு கட்டைன்னு தெரியலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சரியா இருக்குன்னுதான் தோணுச்சு. அந்தப் பாட்டுன்னாலே எனக்கு உன் பழைய குரல்தான்க்கா கேக்குது" என்றேன். அவள் கோபத்தில் சொன்னது பாதி உண்மைதான். அதைச் சொன்ன வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டாள். பிறகு, "அந்த நாலப் போடு, கேப்போம்" என்றாள்.

வளைகாப்பன்று அவள் பாடினாள். முதல் வரியில் குரல் கரகரத்தது. வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரிவரை மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு பாடி முடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நல்லா இருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் பழைய குரல் தெரியும். பொறக்கப்போற புள்ளைக்குத் தெரியாதுல்ல. அதுக்கு இதான் பாட்டு."