கூட்டக் குறிப்பில் என்னைக் கண்டேன்

அறுபதுகளில் இலங்கையின் மாத்தளைப் பக்கம், பலாபத்வலைக்கு அருகில் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் தலைமையாசிரியர். பெற்றோர் சங்கத்துக்கும் நானே தலைவர். செயலாளர் எங்கள் தையல் டீச்சர். மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் முஸ்லிம் பெண். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். குனிந்து எழுதிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்ட ஒரு கூட்டத்தில் இடம் முடிவு செய்தோம். மறுமாதம் அந்தக் குறிப்பை அவர் எழுந்து வாசித்தார்.

“கிணறு மேற்கு மூலையில் என்றார் தலைவர். ஒரு தாய், ‘அந்தப் பக்கம்’ என்று தொடங்கினார். தலைவர், ‘அதெல்லாம் பார்த்தாச்சு’ என்றார். தாய் மறுபடியும் தொடங்கினார். தலைவர், ‘நேரமாகுது’ என்றார். தாய் உட்கார்ந்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.”

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. எல்லோரையும் பேசவிடுகிற மனிதன் என்றுதான் அதுவரை என்னைப்பற்றி நினைத்திருந்தேன்.

“இதெல்லாமா எழுதுறது டீச்சர்? வெட்டிருங்க.”

“யாரும் சொல்லாதத எழுதியிருந்தா காட்டுங்க சேர், வெட்டுறேன்.”

காட்ட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே குடியிருந்த அந்தத் தாய் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தீங்க?” என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். இரண்டு முறை என் வாய் தானாகத் திறந்தது. இரண்டு முறையும் மூடிக்கொண்டேன்.

“மழை பெஞ்சா கக்கூஸ் தண்ணி அந்த மூலைக்குத்தாங்க வருது. நாங்க வருசா வருசம் பாக்குறோம்.”

எல்லோரும் எழுந்துபோய்ப் பார்த்தோம். மண்ணில் தண்ணீர் ஓடிய தடம் அப்படியே இருந்தது. கிணற்றைக் கிழக்கே, மேட்டுப் பக்கம் வெட்டினோம்.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் என் அறைக்கு வந்தார்.

“சபையில வாசிச்சிருக்கக் கூடாது சேர். உங்ககிட்ட நேர சொல்லப் பயந்துதான் எழுதி வாசிச்சேன். பிழை என்னோடதுதான்.”

என் குறையை இன்னொருவர் காட்டித்தான் நான் பார்த்தேன். அவரோ தன்னுடையதைத் தானே பார்த்திருந்தார். அந்தப் பெண்ணின் நேர்மையை இன்றைக்கும் வியக்கிறேன். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு முன்னாலேயே வந்து, “இன்னைக்குக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க சேர்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தாய்மார் பேசத் தொடங்கினார்கள். கூட்டங்கள் நீண்டன, சண்டையும் வந்தது. ஆனாலும் யாரும் வருவதை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் தலைவர் பதவிக்கு அவர் பெயரை நான் சொன்னேன். வழிமொழிய ஏழெட்டுத் தாய்மார் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.