மாமாவின் மெட்டுக்கு நான் பாடியது

பிள்ளைகளே, எந்த விழாவிலும் அப்பா ஏன் பாடுவதில்லை என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இதை நீங்கள் அறியத்தான் வேண்டும்.

என் மாமா, உங்கள் அப்பம்மாவின் தம்பி, லண்டனில் இசைத்தட்டு ஒலிப்பதிவுகளுக்குக் கிட்டார் வாசித்தவர். கன்ட்ரி என்று சொல்லும் அமெரிக்கக் கிராமத்து இசைதான் அவர் கைக்கு வந்தது. யார் யாரோ பாடுவார்கள், மாமா பின்னால் இருந்து வாசிப்பார். குரல் எழும்பினால் கிட்டார் தாழவேண்டும். அதுதான் அந்தத் தொழில். தட்டில் அவர் பெயர் இராது.

எண்பதுகளின் கடைசியில் ஒரேயொரு முறை, பாட்டே இல்லாமல் கிட்டார் மட்டும் ஒலிக்கும் ஒரு மெட்டு அவர் பெயரிலேயே வெளிவந்தது. ரேடியோவில் ஓயாமல் போட்டார்கள். மீன்கடை வெள்ளைக்காரர்கூட அதை விசிலடித்தார். எங்கள் தமிழ் ஆட்களுக்கு மட்டும் மாமா அப்போதும் கிட்டார் அடிக்கிற பெடியன்தான்.

அதனால் லண்டன் ஹவுன்ஸ்லோவில் தமிழ்ப் பள்ளி விழாவுக்கு வாசிக்கக் கேட்டதும், மாமா புதுக் கோட்டு வாங்கினார். “அக்கா, எங்கடை சனமும் ஒருக்காக் கேக்கட்டும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

மாமா அந்த மெட்டை வாசிக்கத் தொடங்கினார். மண்டபம் பேச்சை நிறுத்தவில்லை.

“இன்னும் சுதிதான் சேர்க்கிறார். பாடுற பிள்ளை எங்கை?” என்றார் எனக்குப் பின்னால் இருந்தவர்.

“பிள்ளை றோல்ஸ் தின்னப் போயிட்டுது போலை” என்றார் பக்கத்தில் இருந்தவர். வரிசையே சிரித்தது.

எனக்கு ஒன்பது வயது. முகம் எரிந்தது. மெட்டுக்குச் சொல் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, அந்த மெட்டிலேயே “முருகா, முருகா” என்று பாடினேன்.

மண்டபம் அடங்கியது. மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கிட்டார் தாழ்ந்தது. கடைசிவரை என் குரலுக்கு இடம் விட்டு, எனக்குப் பின்னால் வாசித்தார். கைதட்டல் ஓய நேரமானது. அறிவிப்பாளர் என் பெயரை இரண்டு தரம் சொன்னார். மாமாவின் பெயரை மறந்துவிட்டார்.

காரில், “மாமா, உங்களைக் காப்பாத்திப்போட்டன், என்ன?” என்றேன்.

“ஓம் மருமோன். நல்லாப் பாடினாய்.”

பிறகு கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். களைப்பாக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆட்கள் முன் வாசிக்கவேயில்லை. அது ஏன் என்றும் எனக்கு அப்போது விளங்கவில்லை. வளர்ந்து விளங்கியபின் நான் எந்த மேடையிலும் பாடவில்லை.

போன மாதம், மாமா இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், அந்த மெட்டின் தட்டைப் போட்டேன். வாயை மூடிக்கொண்டு, நின்றபடியே முழுவதும் கேட்டேன். முடிந்ததும், ஆளில்லாத வீட்டில் கை தட்டினேன்.