பிறைக்கு இரண்டாவது சாட்சி

மார்கழியில் ரமலான் வந்த அந்த ஆண்டு, அறுபதுகளின் இறுதியில், பரங்கிப்பேட்டையை அடுத்த எங்கள் ஊர் ஜமாஅத்துக்கு நான் செயலாளர். சிதம்பரத்தில் படித்துப் பட்டம் பெற்றவன். கடலூர் கோர்ட்டுக்குப் போக வேண்டிய பல பாகப்பிரிவினைகள் என் வீட்டுக் கூடத்திலேயே முடிந்திருக்கின்றன. கொடுத்த வாக்கை நான் மீறியதாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. தற்பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னர் நடந்தவற்றுக்கு இதுவே அடிப்படை.

ஊருக்கு ஒரே பள்ளிவாசல், ஒரே வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஒரே பெருநாள் தொழுகை. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரில், வியாபாரம் செய்துவந்த என் தங்கையின் கணவர் தம் வடக்குத் தெருவுக்குத் தனிப் பள்ளி வேண்டும் என்றார். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க் காஜியார் இசையவில்லை. இருந்தும் வடக்குத் தெருவார் இடம் வாங்கி அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். குழியில் மழைநீர் தேங்கி, நோன்பு மாதம் முழுவதும் தவளைகள் கத்தின. ஊர் இரண்டாகப் பிளக்க ஒரு காரணம்தான் பாக்கி என்பதை நான் அறிந்திருந்தேன்.

இருபத்தொன்பதாம் நோன்பைத் திறந்ததும் பள்ளிவாசல் மாடியேறி மேற்கே பார்த்தோம். வயல்களுக்கு மேல் மேகம் அடைத்துக் கிடந்தது. பிறை தெரியாததால் முப்பதாவது நோன்பும் உண்டு என்று காஜியார் அறிவித்தார். சற்று நேரத்தில் என் மைத்துனர் வாடகைக் காரில் வந்து இறங்கி, கடலூரில் இருவர் பிறையைக் கண்டதாகச் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் காஜியார்.

"பாத்தவங்க எங்கிட்ட சொன்னாங்க."

"அப்ப அவுங்களே வந்து சொல்லட்டும்."

நோன்பை முடிக்க இருவர் நேரில் வந்து, தம் கண்ணால் பிறை கண்டதாகச் சாட்சி சொல்ல வேண்டும். அது காஜியார் கைவிடாத முறை. மைத்துனருக்கோ, ஊரார் முன்னிலையில் தம் சொல் செல்லாமற் போனதாகப் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நாளைக்கு எங்க தெருவுல பெருநாள், மச்சான். ஒங்க தங்கச்சி நெய்ச்சோறு ஆக்குவா. நீங்க நோன்பு வச்சிக்கிட்டு வாசம் புடிச்சிட்டுப் போங்க."

விடிந்தபோது அஸ்திவாரக் குழிக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் எழுந்திருந்தது. ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது. நோன்பிருந்த எங்கள் தெரு வாலிபர்கள் சந்து முனையில் நின்றார்கள். காலடியில் ரயில் பாதைக் கற்கள் குவிந்து கிடந்தன. யார் தகவல் கொடுத்தார்களோ, சிதம்பரத்திலிருந்து போலீஸ் ஜீப் வந்து கடைத்தெருவில் நின்றது. அதிலிருந்து எவரும் இறங்கவில்லை. அவர்களும் எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

காஜியாரிடம் சொல்லிவிட்டு நான் தனியே பந்தலுக்குள் போனேன். பெருநாள் தொழுகைக்கு உச்சிப்பொழுது வரை நேரம் உண்டு. அதுவரை பொறுத்தால் கடலூர் சாட்சிகள் இருவரையும் நானே அழைத்துவருவதாகவும், காஜியார் ஏற்றுக்கொண்டால் ஊர் முழுவதும் நோன்பை விட்டு ஒன்றாகத் தொழலாம் என்றும் சொன்னேன். "பி.ஏ. இங்கயும் கோர்ட்டு வச்சிட்டாரு" என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

மைத்துனர் சிரிக்கவில்லை. "அவுங்க வந்து சொல்லியும் காஜியார் ஒத்துக்கலன்னா? நீங்க, எல்லாரும் பாக்க, எங்க பந்தல்ல மொத ஸஃப்புல நிக்கணும். சம்மதமா?"

ஜமாஅத்தின் செயலாளர் முதல் வரிசையில் நின்றால் அந்தப் பந்தலே பள்ளிவாசலாகிவிடும். மறுத்தால் கற்கள் பேசும். சம்மதம் என்றேன்.

மைத்துனர் பிடித்துவைத்திருந்த காரிலேயே கடலூர் போனேன். சாட்சிகள் துறைமுகத்துக்கு அருகே கருவாட்டு மண்டி வைத்திருந்த ஒரு பெரியவரும் அவர் மருமகனும். பெரியவர் தயக்கமின்றி, கண்ணால் கண்டேன் என்றார். மருமகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"மாமா கை காட்டுன பக்கம் பாத்தேன். எனக்கு மேகந்தான் தெரிஞ்சிது. மாமாவே சொல்றப்ப இல்லன்னா நல்லாருக்குமா? ஆமான்னுட்டேன்."

அவரை அங்கேயே விட்டுவந்திருக்கலாம். ஆனால் நான் போய்ச் சொன்னால் அதுவும் கேட்டுச் சொன்ன சொல்தான். இருவரையும் காரில் ஏற்றினேன். ஆலப்பாக்கம் தாண்டியும் பின்னிருக்கையில் பெரியவர் மட்டும் நிம்மதியாக ஓதிக்கொண்டு வந்தார். மருமகன் சொன்னது அவருக்கு இன்னும் தெரியாது.

பள்ளிவாசல் முற்றத்தில் இரு தெருவாரும் கூடியிருக்க, காஜியார் பெரியவரிடம் கேட்டார். பிறகு மருமகனிடம் கேட்டார். மருமகன் தலை குனிந்து, தாம் காணவில்லை என்றார். பெரியவர் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஒற்றைச் சாட்சி போதாது. வடக்குத் தெருவில் காலையில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் நோன்பு நாளில் சாப்பிட்டவர்களாகிவிட்டார்கள்.

அந்த நொடிதான் மிக ஆபத்தானது. "நெய்ச்சோறு செரிச்சிதா, மச்சான்?" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான். வடக்குத் தெருவார் முன்னே நகர்ந்தார்கள். வாசலுக்கு வெளியே கற்கள் கை மாறும் ஓசை கேட்டது.

"காஜியார் ஒத்துக்கல. என் வாக்குப்படி பந்தலுக்கு வர்றேன்" என்றேன் மைத்துனரிடம்.

"இனிமே எதுக்கு மச்சான்? அசிங்கப்பட்டது போதும்."

"சொன்னது சொன்னதுதான்."

காஜியார் எழுந்தார். "லுஹர் நேரம் ஆச்சு. எல்லாரும் அந்தப் பந்தல்லயே தொழுவோம். சாப்பிட்டவங்க பொறவு ஒரு நாள் ஈடா நோன்ப கழா வச்சிக்கிடுங்க. இதப்பத்தி இனிமே யாரும் வாய் தொறக்கக் கூடாது."

பந்தலில் இடம் போதாமல் தெருவிலும் நின்றோம். நடுப்பகல் தொழுகையான லுஹரைத் தொழுவித்தவர் காஜியார். முதல் ஸஃப்பில் என் தோளோடு தோள் ஒட்டி மைத்துனர் நின்றார். தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. இரு தெருவாரும் எழுந்து அவரவர் வழியே கலைந்து போனார்கள். போலீஸ் ஜீப் மாலை அஸர் தொழுகை வரை நின்றது. மறுநாள் பெருநாளை ஊர் முழுவதும் ஈத்கா திடலில் ஒரே ஜமாஅத்தாகத் தொழுதது.

அன்று நான் நோன்பை விட்டுவிட்டு, வடக்குத் தெருப் பந்தலில் பெருநாள் தொழுகை தொழுததாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அங்கே நான் தொழுதது லுஹர். சூரியன் மறைந்து மக்ரிப் ஆகும் வரை நோன்போடு இருந்தேன்.