கைக்கு வந்த பந்து

போன புதன்கிழமை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீட்டுக்குள் செய்திருந்தால் மனைவியோடு போயிருக்கும். நான் செய்தது ஒலிம்பிக் ஸ்டேடியத்தில்... முப்பதாயிரம் பேருக்கு நடுவில்!

எங்கள் மொன்ட்ரியால் பேஸ்பால் அணி இந்த ஊரில் ஆடிய கடைசி ஆட்டம் அது. முப்பத்தாறு வருடம் இங்கே ஆடிவிட்டு, வாஷிங்டனுக்குப் போகிறது. எனக்கும் பேஸ்பாலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நான் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடிய ஆள். பிறகு அங்கே உனக்கென்ன வேலை என்கிறீர்களா? மார்செல் அனுப்பினார்.

லாசால் பகுதியில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மார்செல் எனக்குப் பக்கத்து மெஷின்காரர். பதினொரு வருடப் பழக்கம். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலிஷ், மீதிக்குக் கை — இப்படித்தான் கதைப்போம். கதை முழுக்க பேஸ்பால்தான்.

81இல் ஒரு திங்கட்கிழமை, கடைசி இன்னிங்ஸில் எதிரணிக்காரன் அடித்த ஒரே அடியில் எல்லாம் கைநழுவிப் போன கதையைச் சொல்வார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லையாம். 94இல் எங்கள் அணிதான் எல்லாருக்கும் மேலே நின்றது. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, மீதி ஆட்டமெல்லாம் ரத்து! "நாங்கள் தோக்கேல்லை சிவா, விளையாடவே விடேல்லை" என்பார். பத்து வருடமாகியும் இதைச் சொல்லும்போது மெஷினை நிறுத்திவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நாளை திங்கட்கிழமை பைபாஸ் ஆபரேஷன்.

பார்க்கப் போனபோது இரண்டு டிக்கெட்டையும் ஒரு பழைய தோல் கிளவுஸையும் என் கையில் திணித்தார்.

"முப்பது வருசமா இந்தக் கிளவுஸைப் போட்டுக்கொண்டு அந்த சீட்டில இருந்தனான். ஒரு பந்துகூட என்ரை பக்கம் வரேல்லை. நீயும் கலாவும் போங்கோ. பந்து வந்தாப் பிடி. பிடிச்சா எனக்குக் கொண்டுவா."

பேஸ்பாலில் கூட்டத்துக்குள் வந்து விழுகிற பந்து பிடித்தவருக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கலாம். இது எனக்குத் தெரியாததல்ல. மார்செல் நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

ஸ்டேடியத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 94ஆம் ஆண்டு அணிக்காக ஒரு பெரிய பதாகையைத் திறந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். நான் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் மனிதர் ஒன்றே ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதைக் கொடுக்க முடியாமல் போய், திங்கட்கிழமை ஏதாவது ஆகிவிட்டால்?

"மிக்சர் சாப்பிடுங்கோ. முகத்தைப் பாத்தா நீங்கள்தான் ஆபரேஷனுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி கலா. கிளவுஸ் அவள் மடியில் இருந்தது. அதற்குள்தான் மிக்சர்!

ஏழாவது இன்னிங்ஸ் இருக்கும். அடித்தவனின் மட்டையில் ஓரமாகப் பட்டு, பந்து மேலே எழும்பி எங்கள் பக்கம் திரும்பியது. முன் வரிசை எழுந்தது. நானும் எழுந்தேன். ஒரு கையை நீட்டினேன். சப்பென்று உள்ளங்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. எரிச்சல் என்றால் அப்படியோர் எரிச்சல்... ஆனால் பிடித்துவிட்டேன்!

அடுத்த விநாடி என்ன செய்தேன் தெரியுமா?

மைதானத்துக்குள் திருப்பி எறிந்தேன்.

யோசிக்கவே இல்லை ஐயா! எங்கள் ஊரில் ஒரு மாட்சுக்கு ஒரு பந்துதான். அது யார் வீட்டு வளவுக்குள் விழுந்தாலும் உடனே திரும்பி வரவேண்டும், இல்லையென்றால் ஆட்டமே இல்லை. பத்து வயதில் கைக்குப் பழகியது, நாற்பத்தாறு வயதில் மூளையைக் கேட்குமா? மூன்றாவது பேஸில் நின்ற ஆட்டக்காரன் திகைத்துப்போய்ப் பிடித்தான். எனக்குத் தொப்பியைத் தொட்டுக் காட்டினான். பிறகு அந்தப் பந்தை வேறு பக்கம் இருந்த ஒரு மீசைக்காரருக்குத் தூக்கிப் போட்டுவிட்டான்!

"என்னப்பா செய்தனீங்கள்? அது மார்செலின்ரை பந்தெல்லோ!" கலா தலையில் கைவைத்தாள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கு எட்டியதை நானே எறிந்துவிட்டேன்!

அணி படுதோல்வி. அதைக் கவனிக்க யாருக்கு மனமிருந்தது? வெளியே வரும்போது அங்கேயிருந்த கடையில் ஒரு பந்து வாங்கினேன். மெட்ரோ வாசலில் குனிந்து, அடிபட்ட பந்துபோல் தெரிய அதைச் சீமெந்தில் தேய்த்தேன்.

"ஆபரேஷனுக்குப் போற மனிசனுக்குப் பொய் சொல்லப் போறியளோ?"

"பொய்யில்லை. ஆறுதல்."

"ஓம் ஓம்... நல்லாத் தேயுங்கோ, ஆறுதல் வரட்டும்."

வியாழன் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளவுஸையும் பந்தையும் கட்டிலில் வைத்தேன். மார்செல் பந்தை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"எந்த இன்னிங்ஸ்?"

"ஏழாவது."

"ஒரு கையால பிடிச்சனீ, என்ன?"

"ஓம்... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டிவியில பாத்தனான். பிடிச்சதையும் பாத்தன். எறிஞ்சதையும் பாத்தன்."

மெட்ரோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பொய்யெல்லாம் வீண். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எனக்கு ஒரு பொய் சொன்னதில்லை. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மார்செல்" என்றேன்.

மனிதர் சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் கீக் கீக் என்று கத்தியது. "ஐயோ, சிரிக்காதேங்கோ, சிரிக்காதேங்கோ!" என்று நான் கும்பிட்டேன். அதற்கும் சிரித்தார்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய பண்பு என்று இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் செய்யலாம்தான். ஆனால் என்னிடம் இரவல் வாங்கிய குடைகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியுமே!

சிரித்து முடித்து, மார்செல் பந்தை என் கையில் திருப்பி வைத்தார். கிளவுஸைத் தன் தலையணைக்குக் கீழே தள்ளினார்.

"கொண்டுவந்து தாற பந்து எனக்கு வேண்டாம் சிவா. நான் முப்பது வருசம் இருந்தது பிடிக்கிறதுக்கு. ஆபரேஷன் முடிஞ்சு எழும்பி நடக்கத் தொடங்கினாப் பிறகு வா. அந்தக் கொரிடோர் முடிவில நிண்டு எறி. நல்லா எறியிறாய்... பாத்தனான்."

இன்று ஞாயிறு. கலா இங்கே மலைமேல் இருக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போயிருக்கிறாள். நாங்கள் சைவக்காரர். "அதுக்கென்ன, மார்செலுக்குத் தெரிஞ்ச கடவுளிட்டைத்தானே கேக்கோணும்" என்கிறாள். எனக்கு ஒரு கடவுளிடம் கேட்டால் போதும் என்று தோன்றவில்லை. காலையிலிருந்து எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இதை வாசிக்கும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும்.

எறிய நான் தயார். பிடிக்கிறவர் எழும்பி வரவேண்டும்.