மேசைக்குக் கீழே ஒன்பது வோல்ட்

என் அப்பாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் குடிகாரர் என்று நினைத்துக்கொள்வார்கள். சத்தியமாக அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் ஸ்டோர்காரர். பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போய், தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். சூடு கூடினால் காய் வெளுத்து வாய் பிளந்துவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். அதனால் அப்பா அடுப்படியை விட்டு நகர முடியாது. புகையிலேயே உட்கார்ந்திருந்தால் பார்வை தங்காது என்று தேனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் அப்போது மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ கடைசி வருடம். எண்பதுகளின் தொடக்கம். ஸ்டோரில் சூடு எல்லை தாண்டினால் மணி அடிக்கிற ஒரு பெட்டியைச் செய்தேன். அது இருந்தால் அப்பா தள்ளி நல்ல காற்றில் உட்காரலாம், மணி கேட்டால் மட்டும் போய் விறகை இழுத்துவிட்டு வரலாம். கல்லூரி மேசையில் அது ஒழுங்காக அடித்தது.

தோட்ட முதலாளிக்கு வீடு போடியில். அப்பா போய்க் கேட்டதற்கு அவர் சொன்னது இது. "பொட்டிக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாம என் ஸ்டோர்ல எப்படி வைக்கிறது? ஒம் மகளக் காட்டச் சொல்லு. புரிஞ்சா வச்சுக்கிறேன்." அதில் தப்பொன்றும் இல்லை. போடியில் எவரும் மூட்டையைப் பார்த்து விலை சொல்வதில்லை. காயைத் தட்டில் கொட்டி, தேய்த்து, மோந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

தாளில் வரைந்த சர்க்யூட் படத்தை எடுத்துப் போனேன். "என்னம்மா இது, கோழி கெளறின மாதிரி இருக்கு" என்றார் முதலாளி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் அது அப்படித்தான் இருந்தது. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகிற கோடுகள், எது தொடுகிறது, எது தாண்டிப் போகிறது என்று தெரியாத சிக்கல். நான் மனப்பாடம் செய்துதான் பாஸாகிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தட்டையாகக் கிடக்கிற சர்க்யூட்டை எழுப்பி நிறுத்தினால் என்ன? ஒரு பலகையில் மூங்கில் சிம்புகளை நட்டேன். வோல்ட்டை உயரமாக வைத்துக்கொண்டேன், வோல்ட்டுக்கு இரண்டு விரற்கடை. ஒன்பது வோல்ட் உச்சியில் சிவப்புக் கம்பி, பலகையில் பூஜ்யம், அதாவது எர்த். ஒவ்வொரு உறுப்பையும் அதற்குரிய உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தாளில் வெட்டிக்கொண்ட கோடுகள் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவே கை நுழைகிற இடைவெளியோடு போயின. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எனக்கே முதல்முறையாகப் புரிந்தது. சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை.

மெட்டில் ஏற்றின லோடு வளைவு வளைவாக இறங்கிப் போடிக்கு வந்து சேருகிற மாதிரிதான் நான் கரண்டை நினைத்தேன். போடிதான் அடிவாரம். அதற்கும் கீழே என்ன இருக்கிறது?

இருந்தது. அங்கேதான் கோட்டை விட்டேன். அந்தச் சர்க்யூட்டுக்கு இரண்டு வரிசை பேட்டரி வேண்டும். ஒன்று பூஜ்யத்துக்கு மேலே ஒன்பது வோல்ட், இன்னொன்று பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது வோல்ட். எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோவில் மைனஸும் எர்த்தும் ஒன்றுதான், அந்தப் பழக்கம் வேறு. பலகைக்குக் கீழே இடம் ஏது? மைனஸ் கம்பியையும் எர்த் கம்பியையும் பலகையிலேயே சேர்த்து, அழகாக முறுக்கிக் கட்டிவிட்டேன். கல்லூரியில் பவர் சப்ளையை இணைத்தது ஆசிரியர். வீட்டில் டார்ச் செல்களுக்குக் கம்பி இணைத்தது நான். தாளைப் பார்த்து இல்லை, என் மாடலைப் பார்த்து. அப்படி இணைத்தால் கீழ் வரிசைச் செல்கள் ஷார்ட் ஆகும் என்று தோன்றவே இல்லை.

முதலாளி வீட்டுக் கூடத்தில் அன்று ஏலக்காய் வாங்க வந்த வியாபாரிகள் சிலரும் இருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, எல்லாரிடமும் "எம் மக கரண்டக் கண்ணால காட்டப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது, உள்ளூரச் சந்தோஷமும்தான். மாடலை முதலாளி குனிந்து பார்த்தார். சிவப்புக் கம்பியில் விரல் வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினார். "அட, மெட்டு ரோடு மாதிரில்ல இருக்கு. வெளங்குதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு பெட்டியைத் திறந்து செல்களைப் போட்டேன். சூடு அறிகிற முனையைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். மணி அடிக்கவில்லை. மறுபடி விட்டேன். செல்கள் சுட ஆரம்பித்தன, கருகல் வாடை வந்தது. நான் செல்களை அவசரமாகப் பிடுங்கினேன்.

"அடிச்சிருச்சு மொதலாளி" என்றார் அப்பா. "எனக்குக் கேட்டுச்சு. மெதுவா அடிச்சுச்சு."

"ஏப்பா, ஒனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், காதுமா?" என்றார் முதலாளி. கூடமே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் எனக்காகச் சொன்ன பொய்யை அத்தனை பேரும் கையோடு பிடித்துவிட்டார்கள். "பொம்மை நல்லா இருக்கும்மா, கொலுவுல வையி" என்று முதலாளி காப்பி கொடுத்து அனுப்பினார். அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

மதுரையில் ஆசிரியர் மாடலைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். "மைனஸ் ஒன்பது எங்கே?" பலகையில் முறுக்கிய முடிச்சைப் பிரித்தேன். பலகையை இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம் போல வைத்து, மைனஸுக்கான கறுப்புக் கம்பிகளை அடியில் பதினெட்டு விரற்கடை தொங்கவிட்டேன். செல்களையும் அதே மாதிரி இணைத்தேன். தண்ணீர் சுட்டதும் மணி கணீரென்று அடித்தது.

லீவில் பெட்டியோடு வந்தேன். "அப்பா, இப்ப நல்லா அடிக்குது. நாளைக்கு மொதலாளி வீட்டுக்குப் போவமா?" என்றேன். அப்பா அதை வீட்டிலேயே அடிக்கவைத்துக் கேட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் ஆத்தா. ஒருக்கா ஒன்னய வச்சுச் சிரிச்சுட்டாங்க. இன்னொருக்கா என்னால பாக்க முடியாது. எனக்கென்ன, பழகின புகதான்."

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் அவர்கள் முன்னால் மறுபடி நிற்க வேண்டாம் என்றதும், எனக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்ற நிம்மதி. "சரிப்பா" என்றேன். மறுநாள் காலை அவர் ஜீப்பில் ஏறி அடுப்புக்குப் போனார். நான் கையாட்டினேன். சில வருடங்களில் இடது கண் முழுசாகப் போய்விட்டது. அன்றைக்குக் கூடத்தில் சிரித்தவர்கள் முகம் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த 'சரிப்பா'தான் ஞாபகம் இருக்கிறது.